‘அக்கா கடை’க்கு ஒரு பெயர் உண்டு

திருச்சி மாவட்டம் துறையூர் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பெண்கள் நடத்தும் கடைகளுக்குக் குறைவில்லை. தையல் கடை, பூக்கடை, பியூட்டி பார்லர், இட்லி மாவு, ஊறுகாய், ஆரி ஒர்க் வகுப்பு என்று எல்லாம் உண்டு. வாங்கிய பொருளுக்குக் காசு அனுப்ப, கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்யும்போதுதான் ஒரு வேடிக்கை புலப்படும். பல நேரம் திரையில் வருவது கணவர் பெயர்; இல்லையென்றால் மகன் பெயர். கடை போர்டில் குழந்தையின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ இருக்கும். இருபது வருடமாகக் கடையைத் தூக்கி நிறுத்திய பெண்ணுக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் ‘அக்கா’. எந்த அக்கா என்று கேட்டால், “அதான், பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல தைக்கிற அக்கா.”

இந்த அக்காக்களிடம் போய், “உங்களை நீங்களே மார்க்கெட்டிங் பண்ணணும்” என்று சொன்னால் சிரிப்பார்கள். இந்த வயதில் ரீல்ஸில் ஆடவா முடியும் என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்தான். பர்சனல் பிராண்டிங் என்ற பெயரில் நடக்கும் பல வகுப்புகள், நேற்றுத் தொழில் தொடங்கியவருக்குச் சொல்வதையே இருபது வருட அனுபவசாலிக்கும் சொல்கின்றன: பளிச்சென்று படம் எடு, கேமராவைப் பார்த்துப் பேசு, தினமும் ஏதாவது போடு. தொடங்கி ஆறு மாதம் ஆனவரிடம் காட்டுவதற்கு முகம் மட்டும்தான் இருக்கும். அனுபவசாலியிடம் சரக்கு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, மூன்று தலைமுறை கஸ்டமர்கள் இருக்கிறார்கள். அவற்றை வெளியே தெரியவைக்கும் வேலைதான் பாக்கி.

எண்ணிக்கையைப் பார்த்தால் தமிழ்நாடு இதில் யாருக்கும் இளைத்ததில்லை. 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, பெண்களை உரிமையாளர்களாகக் கொண்ட தொழில்கள் இந்தியாவில் சுமார் 80.5 லட்சம். அவற்றில் 13.5 சதவீதம், அதாவது ஏறத்தாழ 10.9 லட்சம், தமிழ்நாட்டில் இருந்தன. மாநிலங்களில் முதலிடம். பத்து லட்சம் பெண் முதலாளிகளில் பத்துப் பேரின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் பலர் திணறிப்போவோம்.

பெண் தன் பெயரிலேயே தொழில் நடத்தி, அந்தப் பெயரைக் கேட்டுக் கூட்டம் வருவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நூறு வருடத்துக்கு மேல் பின்னே போனால் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் இருக்கிறார். முழுக்கப் பெண்களைக் கொண்டே நாடகக் கம்பெனி நடத்தியவர். அவருடைய நாடகம் பார்ப்பதற்கென்றே திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் ரயில் விட்டார்கள். அதற்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயரும் வைத்தார்கள். நடிகர் பெயரில் ரசிகர் மன்றம் பார்த்திருக்கிறோம்; கம்பெனி நடத்திய ஒரு பெண்ணின் பெயரில் ரயில் ஓடியிருக்கிறது.

பாலாமணி மேடைக்காரர், நாலு பேர் பார்க்க வாழ்ந்தவர். அடுக்களையை விட்டு வெளியே வராத ஒருவர் பெயர் எடுத்த கதை இன்னும் சுவாரசியமானது. ‘சமைத்துப் பார்’ எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், வெளியூர் போனாலும், சாம்பாருக்கு எவ்வளவு புளி, வற்றல் குழம்புக்கு என்ன பக்குவம் என்று அவரிடம் கேட்டுக் கடிதம் வரும். இதையெல்லாம் புத்தகமாகப் போடேன் என்று உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் தூண்ட, 1951இல் முதல் பாகம் வந்தது. கல்யாணச் சீரில் குத்துவிளக்கோடு இந்தப் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் பிறகு வந்தது. ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. 1962இல் அவர் காலமான பிறகும், குடும்பத்தார் அதைப் பதிப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர் தன்னைப் பற்றி எங்கும் பீற்றிக்கொள்ளவில்லை. உப்பு எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும், எத்தனை பேருக்குப் பரிமாறலாம் என்று, தெரிந்ததை ஒளிக்காமல் எழுதினார். ‘திட்டமாகப் போடு’, ‘கண் அளவு’ என்று மாமியார்கள் மூடி வைத்திருந்த விஷயம் அது. தொழில் ரகசியத்தைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படும் ஊறுகாய்க்காரர்களும் பார்லர்காரர்களும் இந்தக் கதையை யோசித்துப் பார்க்கலாம். பக்குவத்தைப் படித்தவர்கள் எல்லாரும் ஊறுகாய் போட உட்கார்ந்துவிடுவதில்லை. முக்கால்வாசிப் பேர், இவ்வளவு வேலை இருக்கிறதா என்று மலைத்துப்போய் இரண்டு பாட்டில் ஆர்டர் சொல்வார்கள்.

சென்னைப் பெட்ரிஷியா நாராயண் கதை வேறு ரகம். கசந்துபோன திருமணத்திலிருந்து இரண்டு குழந்தைகளோடு பெற்றோர் வீட்டுக்குத் திரும்பியவர், ஊறுகாயும் ஜாமும் ஸ்குவாஷும் செய்தார். அம்மா அவற்றைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் விற்றார். 1982இல் மெரினாவில் அண்ணா சதுக்கத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. காபி, டீ, கட்லெட், சமோசா, ஜூஸ். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி, ஐம்பது பைசா. அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த மகளை அம்மாதான் தேற்றி மறுநாளும் அனுப்பினார். மறுநாள் அறுநூறு ரூபாய்க்கு மேல் வியாபாரம் ஆனது. கடற்கரைக்குக் காலை நடை வந்த குடிசை மாற்று வாரியத் தலைவர் இவருடைய வேலையைப் பார்த்துவிட்டு, வாரிய அலுவலகத்தில் கேன்டீன் நடத்தக் கூப்பிட்டார். அங்கிருந்து வங்கிக் கேன்டீன், பயிற்சி நிறுவனக் கேன்டீன் என்று வளர்ந்து, விபத்தில் இறந்த மகளின் நினைவாக ‘சந்தீபா’ உணவகம் வந்தது. 2010இல் ஃபிக்கி அமைப்பு அவரைச் சிறந்த பெண் தொழில்முனைவோர் என்று கௌரவித்தது.

விருதுக்குப் பிறகு பத்திரிகைகளிடம் அவர் பேசியதில் எல்லாருக்கும் மனதில் நின்றது அந்த ஐம்பது பைசாதான். பெரிய உணவக முதலாளி ஆன பிறகு அதை மறைத்திருக்கலாம். ‘ஆரம்பத்திலிருந்தே அமோகம்’ என்று சொல்லிக்கொள்வதுதானே வழக்கம்? நஷ்டக் கணக்கையும் பைசா சுத்தமாகச் சொல்பவர் லாபக் கணக்கைச் சொல்லும்போது கேட்பவர் சந்தேகப்படுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவருக்குக் கேன்டீன் வாங்கித் தந்தது, நடைக்கு வந்தவர்கள் கண்ணெதிரே தினமும் நடந்த வேலை. விளம்பரம் என்று தனியாக எதையும் அவர் அங்கே செய்துகொண்டிருக்கவில்லை.

இறந்துபோன பெண்ணையும், பிறக்கவே பிறக்காத பெண்ணையும் நிறுத்தியும் வியாபாரம் நடந்திருக்கிறது, சக்கைப்போடு போட்டிருக்கிறது. அமெரிக்காவில் லிடியா பிங்க்கம் என்ற அம்மாள், பெண்களின் உபாதைகளுக்கு வீட்டிலேயே மூலிகை மருந்து காய்ச்சி விற்றார். 1879 முதல் அவருடைய முகமே விளம்பரம் ஆனது. ‘டாக்டரிடம் சொல்லக் கூசுவதை எனக்கு எழுதுங்கள்’ என்பதுபோல் விளம்பரங்கள் அழைக்க, பெண்கள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1883இல் அவர் இறந்துபோனார். கடிதங்களும் பதில்களும் மட்டும் நிற்கவில்லை. 1905இல் ‘லேடீஸ் ஹோம் ஜர்னல்’ பத்திரிகை அவருடைய கல்லறையைப் படம் எடுத்துப் போட்டது. இருபது வருடத்துக்கு மேலாக யாருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அந்தப் பெண்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதே நாட்டில் 1921இல் ஒரு மாவு கம்பெனி, சமையல் சந்தேகம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத, பெட்டி குரோக்கர் என்ற பெண்ணை உண்டாக்கியது. கையெழுத்து உண்டு, ரேடியோவில் குரல் உண்டு, பின்னால் ஓவியமும் வந்தது; ஆள்தான் கிடையாது. 1945இல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகை, அமெரிக்காவில் மிகப் பிரபலமான பெண்கள் வரிசையில் ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்டுக்கு அடுத்த இடத்தை இந்த இல்லாத அம்மாளுக்குக் கொடுத்தது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. அனுபவமுள்ள, நம்பகமான, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு பெண்ணுக்காகச் சந்தை ஏங்குகிறது. கிடைக்காவிட்டால் கம்பெனிகள் இட்டுக்கட்டிக்கொள்கின்றன. துறையூரில் அப்படி இட்டுக்கட்ட வேண்டிய அவசியமில்லை. அசல் ஆட்களே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயரை மட்டும் சொல்லாமல்.

இட்டுக்கட்டினால் இங்கே செல்லவும் செல்லாது. பெருநகரத்தில் ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று பாட்டிலில் ஒட்டி விற்கலாம்; அந்தப் பாட்டி யார் என்று எவரும் கேட்கப்போவதில்லை. பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊரில், யார் வீட்டு மிளகாய் எந்த மில்லில் அரைபடுகிறது என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ‘செக்கில் ஆட்டிய எண்ணெய்’ என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு டின் எண்ணெய் இறக்கினால், மாலைக்குள் உப்பிலியபுரம் வரை பேச்சு போய்விடும். சட்டமும் இப்போது சும்மா இருப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஏமாற்றும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. காசு வாங்கிக்கொண்டு ‘நான் பயன்படுத்தினேன், அருமை’ என்று சொல்பவர், காசு வாங்கியதையும் சொல்லியாக வேண்டும்.

சரி, எதைத்தான் காட்டுவது?

ஒரு தையல்காரரையே எடுத்துக்கொள்வோம். அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வழக்கமாக இருப்பவை இணையத்திலிருந்து இறக்கிய மாடல் படங்கள். சிலவற்றின் மூலையில் வேறு ஊர் பொட்டிக்கின் முத்திரைகூட அழியாமல் இருக்கும். அவருடைய உண்மையான சொத்து மேசை இழுப்பறையில் கிடக்கும் அளவு நோட்டு. யாருக்குத் தோள் இறக்கம், யாருக்குக் கை பிடிக்கும், யாருக்குக் கழுத்து அரை அங்குலம் ஏற்ற வேண்டும் என்று வருடக்கணக்காக எழுதி வைத்தது. அம்மாவின் அளவுக்குக் கீழேயே மகளின் அளவும் இருக்கும். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, நாளைக்கு வளைகாப்பு. ராத்திரிக்குள்ள ஒரு பிளவுஸ் தச்சுக் குடுங்கக்கா.”

“முடியாது கண்ணு. அவசரத்துல வெட்டினா பட்டு பாழாப் போயிரும். கல்யாணத்துக்குத் தச்சதைக் கொண்டா. ரெண்டு பக்கமும் துணி உள்ள விட்டுத்தான் தச்சிருக்கேன். பிரிச்சு விட்டா சரியா இருக்கும்.”

ஐந்து வருடம் கழித்து உடம்பு மாறும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டு, உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறார். ரவிக்கையை உட்புறம் திருப்பி, மடித்து விட்ட துணியையும் லைனிங் தையலையும் ஒரு படம் எடுத்து, ‘பின்னால் பெரிதாக்கிக்கொள்ள இவ்வளவு துணி விட்டிருக்கிறேன்’ என்று ஸ்டேட்டஸில் ஒரு வரி எழுதினால் போதும். இரவல் படம் நூறு போட்டாலும் அதற்கு ஈடாகாது. அந்த ‘முடியாது’வும் விளம்பரம்தான். ‘புரட்டாசி முடிந்த பிறகு தீபாவளி ஆர்டர் எடுப்பதில்லை’ என்று ஒருவர் போர்டு எழுதி வைத்து, அதன்படி நடந்தும் காட்டினால், அடுத்த வருடம் ஆவணியிலேயே துணி வந்து சேரும்.

விலை சொல்லும் இடத்தில்தான் அனுபவசாலிகள் பலரும் சறுக்குகிறார்கள். ‘உங்களுக்குத் தெரியாததா, பாத்துக் குடுங்க’ என்ற பேச்சு அன்பாகத்தான் தோன்றும். வாங்குபவருக்கு அது சங்கடம்; விற்பவருக்கு நஷ்டம். கோயம்புத்தூர்ப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை உலகமே கொண்டாடியது. 2019 செப்டம்பரில் ஆனந்த் மகிந்திரா அவருடைய வீடியோவைப் பகிர்ந்தார், விறகடுப்புக்குப் பதில் கேஸ் இணைப்பு வந்தது, 2022 அன்னையர் தினத்தன்று புது வீடும் கிடைத்தது. பாட்டி எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையட்டும் என்று செய்தார். அது தர்மம். அதைப் பார்த்துவிட்டு, மூன்று பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கடை நடத்துபவர் தன் விலையைக் குறைத்தால் கடைதான் மூடும். கூலி எவ்வளவு, நூலும் லைனிங்கும் எவ்வளவு என்று பிரித்து எழுதி ஒட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாரும் முகத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1959 மார்ச்சில் மும்பை கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நாலு பாக்கெட். ‘லிஜ்ஜத்’ அப்படிப் பிறந்தது. அதில் வேலை செய்யும் பெண்கள் எல்லாருமே உரிமையாளர்கள் என்பதால் தனி ஒருவர் முகத்துக்கு இடம் வைக்கவில்லை. திருச்சி மாவட்டத்திலேயே மணப்பாறை முறுக்கு இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ரயில் நின்ற ஊர்களுக்கெல்லாம் பெயர் பரவிய அந்தப் பண்டத்தில் ஊர்ப் பெயர் முன்னால் நிற்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிழிந்த பெண்கள் பெயர் அப்படி முன்னால் நிற்பதில்லை. குறியீடு ஊரைக் காப்பாற்றும். இன்னார் கை முறுக்கு என்று தேடி வர வைப்பதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

பெண்கள் வெளியே பெயர் போடத் தயங்குவதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. போன் நம்பரைப் பொதுவில் போட்டால் இரவு பதினொரு மணிக்கு ‘ஹாய்’ வரும். அந்தத் தொல்லையை ஆண் வியாபாரிகள் அறிய மாட்டார்கள். அதற்காக ஒதுங்கிவிட வேண்டியதில்லை. கடைக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளலாம். 2018 முதல் இந்தியாவில் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள், விலை எல்லாம் அதிலேயே அடுக்கி வைக்கலாம், கடை நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்குத் தானாகவே பதில் போகும்படியும் செய்யலாம். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் இலவசம்தான். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். குழந்தைகள் படம், வீட்டு வாசல் படம் எதுவும் வேண்டாம். கையும் வேலையும் தெரிந்தால் போதும். சாப்பாட்டுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் லேபிளில் இருக்கட்டும். அலங்கார வாசகத்தைவிட அந்த எண் அதிகம் பேசும்.

மகனோ மருமகளோ கடைக்கு வரும்போதும் இதே நேர்மை தேவைப்படும். கை மாறியதைச் சொல்லிவிட்டால் கஸ்டமர் ஏற்றுக்கொள்வார். ‘கட்டிங் நான், தையல் மருமகள்’ என்று சொல்வதால் பெயர் கெடாது. சொல்லாமல் விட்டால் பிங்க்கம் அம்மாள் கதைதான்.

கடைசியாக, இந்தக் கடைகளில் வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துறையூரிலோ முசிறியிலோ ஸ்ரீரங்கத்திலோ உங்களுக்குப் பிடித்த ஓர் அக்கா கடை இருக்கும். அடுத்த முறை போகும்போது அவர் பெயரைக் கேளுங்கள். கூகுளில் கடை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ‘சூப்பர்’ என்று ஐந்து நட்சத்திரம் மட்டும் தட்டிவிட்டு வராமல், என்ன வாங்கினீர்கள், எத்தனை வருடமாக வாங்குகிறீர்கள், எது நன்றாக இருந்தது என்று தமிழிலேயே நாலு வரி எழுதுங்கள், அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு. பதிவாகவில்லை என்றால், அங்கேயே நின்று பதிந்து கொடுத்துவிட்டு வாருங்கள். கால் மணி நேர வேலை.